பைத்தான் 2-ஐச் சார்ந்த பழைய பொதிகளை விலக்குவது எப்படி: டெபியன் காட்டும் வழி

பைத்தான் நிரல்மொழியின் பழைய தலைமுறையான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. அதன் கடைசிப் பதிப்பான 2.7.18 அதே ஆண்டு ஏப்ரலில் வெளியானது. லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பில் பைத்தான் 2.7 இன்னும் இருந்தது; 2023-இல் வந்த டெபியன் 12-இல் அதுவும் இல்லை. அதைச் சார்ந்திருந்த பொதிகளை (நிறுவுவதற்கு ஏற்றபடி தொகுத்த மென்பொருள்களை) டெபியன் படிப்படியாக விலக்கிய முறையை இதே நிலையில் உள்ள பிறரும் பின்பற்றலாம்.

பொதியைப் பராமரிக்க உண்மையிலேயே ஆள் இல்லையா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மூலத் திட்டத்தில், அதாவது அந்த மென்பொருளை எழுதுபவர்களிடம், பைத்தான் 3-க்கான மாற்றம் முடிந்து, புதிய வெளியீடு மட்டும் வராமல் நின்றுபோயிருக்கலாம். அப்படியானால் அந்த மாற்றத்தை எடுத்துச் சேர்ப்பதே எளிது. பிரிண்ட் கூற்று போன்றவற்றை, பைத்தான் 3.13-க்கு முந்தைய பதிப்புகளோடு வந்த 2டு3 என்ற மாற்றுக் கருவியே திருத்திவிடும். ஆனால் பைட்டுகளும் எழுத்துச்சரங்களும் கலந்து கிடக்கிற, சோதனைகளே இல்லாத நிரலை மாற்ற முனைபவர், இனி அதைத் தாமே பராமரிக்க வேண்டியிருக்கும் என்பதை அறிந்தே இறங்க வேண்டும்.

அடுத்தது சார்புகள், அதாவது எந்தப் பொதிக்கு எந்தப் பொதி தேவை என்பது; அதிகக் கவனம் தேவைப்படுவது இங்கேதான். வேறெந்தப் பொதியும் தன்னைச் சார்ந்திராத நுனிப் பொதியிலிருந்து தொடங்கி உள்நோக்கி வர வேண்டும். நடுவில் உள்ள நூலகத்தை முதலில் எடுத்தால் அதை நம்பியிருக்கும் அனைத்தும் நிறுவ முடியாதவை ஆகிவிடும். ஒரு பொதியைச் சார்ந்திருப்பவை எவை என்று தேடித் தரும் ஆப்ட்-கேஷின் ஆர்டிபெண்ட்ஸ் கட்டளை, நிறுவுவதற்குத் தேவையான சார்புகளைக் காட்டுமே தவிர, மூலத்திலிருந்து பொதியை உருவாக்கும்போது மட்டும் தேவைப்படுபவற்றைக் காட்டாது. சி மொழியில் எழுதிய ஒரு நூலகம், தன் கையேட்டுப் பக்கங்களை உருவாக்குவதற்காக மட்டும் ஒரு சிறு பைத்தான் 2 நிரலை ஓட்டிக்கொண்டிருக்கலாம். பைத்தானோடு தொடர்பே இல்லாததுபோல் தோன்றும் அந்த நூலகம், அடுத்த முறை உருவாக்கும்போதுதான் உடையும். டெவ்ஸ்கிரிப்ட்ஸ் பொதியில் உள்ள பில்டு-ஆர்டெப்ஸ் கருவி இத்தகைய சார்புகளைத் தேடித் தரும். எந்தச் சார்பையும் அறிவிக்காமல் முதல் வரியில் பழைய பைத்தானை அழைக்கும் நிரற்கோப்புகளை இத்தகைய கருவிகளை நம்பாமல் கிரெப் என்ற உரைத்தேடல் கட்டளை கொண்டு நீங்களே தேடுவது நல்லது.

பிறகு, காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு அந்தப் பொதியின் மேல் வழு அறிக்கை பதிந்து, பராமரிப்பாளருக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள். பதில் வராவிட்டால் வழுவின் தீவிரத்தை உயர்த்தலாம். வெளியீட்டைத் தடுக்கும் வழு தீராமல் இருந்தால், பொதி, அடுத்த வெளியீடு உருவாகும் சோதனைக் கிளையிலிருந்து தானாகவே விலக்கப்படும். எனினும் புதிய பொதிகள் முதலில் வந்துசேரும் சிட் கிளையில் அது எஞ்சியிருக்கும் என்பதால், அங்கிருந்து நீக்கும்படி களஞ்சிய நிர்வாகிகளுக்குத் தனியே கோரிக்கை வைக்க வேண்டும். அதில் சார்புகளைச் சரிபார்த்த விவரத்தையும் எழுதினால் கேள்விகள் குறையும்.

களஞ்சியத்திலிருந்து நீக்குவதால் பயனரின் கணினியில் உள்ள பொதி அழிந்துவிடாது. பாதுகாப்புத் திருத்தம் எதுவும் கிடைக்காமல் அது அங்கேயே கிடக்கும். ஆகவே மாற்றுப் பொதி உண்டென்றால் அதன் பெயரை வெளியீட்டுக் குறிப்பில் எழுதிவிடுங்கள். பழைய மூலம் டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகத்தில் கிடைக்கும். பின்னர் யாரேனும் அதைப் பைத்தான் 3-க்கு மாற்றிக் கொண்டுவந்தால், புதிய பொதிகளுக்குரிய பரிசீலனை வரிசையில் அது மீண்டும் நிற்க வேண்டும்.