பழைய டிராக்டருக்கு உயிர் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பல வருஷமாக நின்றுபோன டிராக்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரி தூக்கம் வராது. எப்படியாவது ஒரு தடவை அந்த இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். இந்தப் பொழுதுபோக்கில் நான் பார்த்த பெரிய சேதங்களில் பாதிக்குமேல் அந்த முதல் ஒன்றிரண்டு நாளில் நடந்தவைதான். ஐம்பது அறுபது வருஷம் மழையையும் வெயிலையும் தாங்கிய இரும்பை, அவசரப்பட்டு ஒரே மத்தியானத்தில் உடைத்துவிடுகிறோம்.

நானும் உடைத்திருக்கிறேன். மாஸி ஃபெர்குசன் 35, பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல். முன்பக்கப் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு அசைத்தேன், கால் சுற்று சுற்றியது. ஜாம் ஆகவில்லை, ஓடிவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுக்கச் சொல்லி, கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டேன். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம். மேலே வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைக் கழற்றிப் பார்த்தால், ஒரு எக்ஸாஸ்ட் வால்வு, அது ஏறி இறங்கும் கைடுக்குள் துருப்பிடித்து அசையாமல் நிற்கிறது. அதைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடு வில் மாதிரி வளைந்து கிடக்கிறது. கவரை முதலிலேயே திறந்து பார்த்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

அந்த ஒரு வால்வு மட்டும் ஏன் துருப்பிடித்தது என்று கேட்டால், காரணம் வானத்தைப் பார்த்து நிற்கும் சைலன்சர் குழாய். மழைத் தண்ணீர் அதன் வழியாக இறங்குகிறது. இன்ஜின் நின்ற நேரத்தில் எந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருந்ததோ, அந்த சிலிண்டருக்குள் நேராகப் போய்விடுகிறது. மற்ற இரண்டு சிலிண்டரும் பளபளவென்று இருக்க, ஒன்று மட்டும் செங்கல் நிறத்தில் கிடப்பது இதனால்தான். குழாயின் மேல் ஒரு காலி டின்னைக் கவிழ்த்து வைத்திருந்தால் அந்த வால்வு பிடித்துப்போயிருக்காது.

பிடித்துப்போன இன்ஜினை விடுவிக்கப் பொறுமையைத் தவிர வேறு வழி இல்லை. டீசல் என்றால் இன்ஜெக்டர்களையும், பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் கலந்து ஊற்றுங்கள். ஊற்றிவிட்டு மறுநாளே போய் இரும்புக் கம்பியை வைத்து நெம்பாதீர்கள். வாரக்கணக்கில் ஊறட்டும், வற்ற வற்ற ஊற்றுங்கள். இடையில் ராக்கர் கவரைத் திறந்து, ஒவ்வொரு வால்வின் மேல்முனையிலும் மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி, அது கீழே போய் ஸ்பிரிங்கின் பலத்தில் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வராத வால்வு ஒன்று இருந்தாலும் இன்ஜினைச் சுற்றக்கூடாது. பிறகு முன்னும் பின்னுமாக, ஒரு விரற்கடை அசைந்தாலும் போதும் என்ற நினைப்போடு ஆட்டிக்கொடுங்கள். பிஸ்டன் தலையில் சம்மட்டியால் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். பிஸ்டன் பெரும்பாலும் அலுமினியம், ரிங் வார்ப்பிரும்பு. இரண்டுமே அந்த அடியைத் தாங்காது.

கையால் இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால்தான் நான்கு ஸ்ட்ரோக்கும் முடிந்து எல்லா வால்வும் ஒரு முறை திறந்து மூடியதாக அர்த்தம். அதற்குப் பிறகும் இன்ஜெக்டர் இல்லாமலேயே செல்ஃப் மோட்டாரில் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

டீசல் இன்ஜினை முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது ஒரு ஆபத்து உண்டு. பல வருஷம் நின்ற ஃப்யூயல் பம்பின் உள்ளே டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ராக் என்ற கம்பி பிசுபிசுத்து, முழுத் திறப்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்டார்ட் ஆன உடனே இன்ஜின் கட்டுக்கடங்காமல் ஏறும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. ஆகவே ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றி, இன்டேக் வாயை முழுசாக மூடக்கூடிய ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். காற்று போகாவிட்டால் இன்ஜின் அணையும். கையை வைத்து மூடக்கூடாது, அது இழுக்கிற வேகம் அப்படி. கைப்பிடி போட்டுச் சுற்றி ஸ்டார்ட் செய்யும் பழைய பெட்ரோல் இன்ஜின் என்றால், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடியுங்கள். திருப்பி அடித்தால் கட்டைவிரல் எலும்பும் மணிக்கட்டும்தான் முதலில் போகும்.

வாங்கும்போதே தொடங்கும் தவறுகள்

புதுப் பெயின்ட்டைப் பார்த்து வாங்குவதுதான் முதல் தவறு. விற்கும் முன் அவசரமாக அடித்த பெயின்ட், பிளாக்கில் உள்ள விரிசலையும் அதன் மேல் வெல்டிங் போட்ட தழும்பையும் மறைத்துவிடும். உறைபனி விழும் இடத்தில் ஆன்டி ஃப்ரீஸ் இல்லாமல் நின்ற இன்ஜினில், உள்ளே உறைந்த தண்ணீர் விரிந்து பிளாக்கின் பக்கவாட்டைப் பிளந்துவிடுவது வழக்கம். விரல் நகத்தால் பக்கவாட்டில் தடவிப் பாருங்கள். கியர்பாக்ஸின் டிரெய்ன் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால், ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வருகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது தவறு, முதல் வண்டியாகவே அபூர்வமான மாடலைத் தேடிப் போவது. ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டர்கள் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்டன. அதனால் அதற்கு இன்றைக்கும் பாகங்கள் கிடைக்கின்றன, புத்தகங்கள் இருக்கின்றன, அனுபவசாலிகளும் இருக்கிறார்கள். அதில் கை பழகிவிட்டு லான்ஸ் புல்டாக் போன்ற, சிலிண்டர் தலையில் உள்ள குமிழைச் சூடாக்கி ஸ்டார்ட் செய்யும் ஹாட் பல்ப் இன்ஜின்களுக்குப் போகலாம். இது என் அபிப்பிராயம்தான், ஆனால் ஒரே ஒரு கேஸ்கட்டுக்காக மூன்று வருஷம் மூலையில் கிடக்கும் வண்டிகளைப் பார்த்து வந்த அபிப்பிராயம்.

கழற்றும்போது

'எல்லாம் ஞாபகம் இருக்கும்' என்று நம்பிக் கழற்றாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒன்றும் இருக்காது. கழற்றுவதற்கு முன் போட்டோ, கழற்றிய பின் தனித்தனிப் பை, பையின் மேல் சீட்டு. கனெக்டிங் ராடு கேப்புகளையும் மெயின் பேரிங் கேப்புகளையும் எந்த இடத்தில், எந்தத் திசையில் இருந்ததோ அப்படியே திரும்பப் போட வேண்டும். அவை அந்தந்த இடத்திலேயே சேர்த்து வைத்துக் கடையப்பட்டவை. ஒன்றை மாற்றிப் போட்டால் கிராங்க் இறுகிவிடும். ஸ்டீயரிங் பெட்டியிலும் டிஃபரன்ஷியலிலும் இருந்து உதிரும், பாகங்களுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்ய வைத்த காகிதம் போன்ற மெல்லிய ஷிம்களைக் குப்பை என்று துடைத்துப் போட்டவர்களும் உண்டு. அந்த இடைவெளியைத் திரும்ப அளந்து பிடிக்க ஒரு வாரம் ஆகும்.

மரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய பிரிட்டிஷ் டிராக்டர்களில் பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் மரையும் அமெரிக்க மரையும் ஒரே வண்டியில் கலந்து வரும். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் ஒரு அங்குலத்துக்கு 12 மரை, அதே அரை அங்குல அமெரிக்க யூ.என்.சி. போல்ட்டில் 13. கோணமும் வேறு, ஒன்று 55 டிகிரி, மற்றது 60. முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே சுகமாக ஏறும், அதற்கு மேல் இறுகும். 'துருவாக இருக்கும்' என்று ஸ்பேனரால் முறுக்கினால் வார்ப்பிரும்பில் இருக்கும் மரை அப்படியே சீவிக்கொண்டு வரும். கையால் கடைசி வரை ஏறாத போல்ட் அந்த ஓட்டைக்கு உரியதல்ல. மரை அளக்கும் கேஜ் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வதில் சில தவறுகள் உயிரையே வாங்கும். வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கும் பெட்ரோல் டேங்க்கின் உள்ளே பிசினாக ஒட்டியிருப்பதும் எரிபொருள்தான். அதில் வெல்டிங் நெருப்புப் பட்டால் அது ஆவியாகி டேங்க் வெடிக்கும். கழுவிவிட்டோம் என்ற தைரியத்தில் டேங்க்கின் மேல் நெருப்பை வைக்காதீர்கள். அந்த வேலையை அதற்கென்றே இருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூளைக் காற்றடித்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பையில் கட்டிவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அதையும் உலர்ந்த தூளாகத் தேய்க்கக் கூடாது.

மின்பகுப்பு முறையில் துரு எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. தண்ணீரில் வாஷிங் சோடா கலந்து, சார்ஜரின் நெகட்டிவைத் துருப்பிடித்த பாகத்திலும் பாசிட்டிவைச் சாதாரண இரும்புத் தகட்டிலும் கொடுத்துவிட்டால், மறுநாள் காலையில் துரு கறுப்புச் சேறாகி விரலால் வழித்தாலே வந்துவிடும். அந்தத் தகட்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகு ஸ்பூனையோ தட்டையோ போடுவதுதான் தவறு. அதில் உள்ள குரோமியம் நச்சு வடிவத்தில் தண்ணீரில் கரையும். அலுமினியப் பாகத்தையும் அந்தத் தொட்டியில் போடாதீர்கள், சோடா அதை அரித்துவிடும். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

மணல் அடித்துச் சுத்தம் செய்வதைத் தனித்தனியான தகரப் பாகங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோத்த நிலையில் இருக்கும் இன்ஜினில் அடித்தால், மணல் ஆயில் சீலைத் தாண்டிப் பேரிங்கில் உட்காரும்.

பெயின்ட் கடைசி வேலை. எல்லாம் ஓடி, ஒழுகி, ஒழுகல் அடைபட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொட வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் கிரீஸ் நிப்பிள் அடைபடும், சீரியல் நம்பர் தகடு மறையும். இன்னொன்று யாருக்கும் உடனே புரியாது. எர்த் கேபிள் உட்காரும் இடத்திலும் பெயின்ட் ஏறிவிட்டால் செல்ஃப் எடுக்காது. புது பேட்டரி, புது மோட்டார் எல்லாம் மாற்றிய பிறகு, கடைசியில் எர்த் போல்ட்டின் அடியில் சுரண்டினால் வண்டி ஸ்டார்ட் ஆகும்.

எர்த் பற்றிச் சொல்லும்போது இதையும் கவனியுங்கள். ஃபோர்டு 8என் போன்ற பல பழைய டிராக்டர்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், அதுவும் 6 வோல்ட். இன்றைய பழக்கத்தில் நெகட்டிவைப் பாடிக்குக் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரண்டு மடங்கு கரண்ட் ஓட வேண்டும் என்பதால், 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டால் கேபிள் சுடும், செல்ஃப் மந்தமாகச் சுற்றும். பேட்டரி சரியில்லை என்று அதன் மேல் பழி போடுவோம்.

ஆயில் விஷயத்திலும் கையேட்டைப் பாருங்கள். பல மாடல்களில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். கியர் ஆயில் என்று கேட்டதும் கொடுக்கப்படும் ஜி.எல்.5 வகையில் உள்ள சேர்மங்கள், பழைய கியர்பாக்ஸின் பித்தளை வெண்கலப் பாகங்களை நாளடைவில் அரிக்கக் கூடும்.

நிறுத்தி வைக்கும்போது வாராவாரம் ஐந்து நிமிஷம் ஓட்டி அணைப்பதை நல்ல பழக்கம் என்று நினைக்கிறார்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் உள்ளே உருவாகும் நீராவி வெளியேறாமல் ஆயிலில் கலக்கிறது. ஓட்டினால் நன்றாகச் சூடேறும்வரை, கொஞ்சம் சுமையோடு ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடவே வேண்டாம். கிளட்ச் பெடலைக் கீழே அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து நிறுத்தினால், பிளேட் ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டாது. பின் டயரில் கால்சியம் குளோரைடு கரைசல் நிரப்பிய வண்டி என்றால் வால்வைச் சுற்றியுள்ள ரிம்மை அடிக்கடி பாருங்கள், ஒரு சின்னக் கசிவே ரிம்மைத் தின்றுவிடும்.

ஓட்டும்போது

இந்த வண்டிகள் பெரும்பாலும், கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இல்லாத காலத்தில் பிறந்தவை. புது டிராக்டர்களுக்கு அந்தச் சட்டகத்தை ஸ்வீடன் கட்டாயமாக்கியதே 1959இல்தான். சிக்கிக்கொண்ட வேறு வண்டியையோ மரக்கட்டையையோ இழுக்கச் சங்கிலியைப் பின் அச்சின் மேலோ சீட்டின் அடியிலோ கட்டினால், முன் சக்கரம் தூக்கி டிராக்டர் பின்பக்கமாக மல்லாக்கக் கவிழும். கிளட்ச்சை மிதிக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சங்கிலி எப்போதும் கீழே இருக்கும் டிராபார் என்ற இழுவைக் கம்பியில் மட்டும்.

பல பழைய டிராக்டர்களில் பி.டி.ஓ., அதாவது பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு, கியர்பாக்ஸோடு நேராகப் பிணைந்தது. பின்னால் சுழலும் புல்வெட்டி மாட்டியிருந்தால், நீங்கள் கிளட்ச்சை மிதித்த பிறகும் அதன் கனமான பிளேடு சுழன்றபடி டிராக்டரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். எதிரே வேலியோ பள்ளமோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பி.டி.ஓ. தண்டில், கருவியின் சுழற்சி திரும்ப டிராக்டரைத் தள்ளாமல் விடுவிக்கும் ஓவர்ரன்னிங் கிளட்ச் ஒன்றைப் போட்ட பிறகே அந்த வேலையில் இறங்குங்கள். சாலையில் ஏறும் முன் இடது வலது பிரேக் பெடல்களைச் சேர்த்துக் கோக்கும் கொக்கியை மாட்டுங்கள். தனித்தனியாக இருந்தால், வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்த கணமே வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும்.