கலிஃபோர்னியா காம்பீட்ஸ் டேக்ஸ் கிரெடிட்: அப்ளை பண்றதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

கலிஃபோர்னியால ஒர்க்‌ஷாப், பேக்கரி, சாஃப்ட்வேர் கம்பெனி எது நடத்தினாலும் சரி, மெஷின் வாங்கி ஆள் சேர்த்து நல்ல சம்பளமும் குடுக்கப்போறீங்கன்னா இந்த கிரெடிட்டைக் கேட்டுப் பாக்கலாம். 2013-ல, குறிப்பிட்ட ஏரியாக்கள்ல தொழில் பண்றவங்களுக்கு வரிச் சலுகை குடுத்த பழைய எண்டர்பிரைஸ் ஸோன் திட்டத்தை மூடிட்டு கொண்டுவந்தது இது. கையில காசு வராது, மாநில வருமான வரில கழியும், அவ்ளோதான். சேல்ஸ் டேக்ஸ்ல கழிக்க முடியாது. ஒரு வருஷம் லாபமே இல்லன்னா மிச்சத்தை 6 வருஷம் வரைக்கும் தள்ளிக்கலாம்.

முதல்ல இப்ப எத்தனை ஆள்னு எண்ணுங்க. வாரத்துக்கு சராசரியா 35 மணி நேரமாவது வேலை பாக்கறவங்கதான் முழு நேர ஆள். இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. 2 பேர் வேலைய விட்டுப் போய் 4 பேரை எடுத்தா கூடினது 2 தான், அதுலயும் ஜூலைல சேர்ந்தவர் அந்த வருஷத்துக்கு அரை ஆள்.

அடுத்து 5 வருஷத்துக்கு ஒரு ஷீட் போடுங்க. வருஷா வருஷம் எத்தனை ஆள், குறைஞ்சபட்ச சம்பளம் எவ்ளோ, சராசரி எவ்ளோ, கட்டடம் மெஷின்ல எவ்ளோ போடப்போறீங்க, எல்லாம் வேணும். கெத்துக்காக கூட்டிப் போடாதீங்க, பின்னாடி இதே நம்பர்தான் ஒப்பந்தத்துல உக்காரும்.

இப்ப எவ்ளோ கேக்கறதுன்னு பாக்கணும். குறைஞ்சது 20,000 டாலர் கேக்கணும். அதிகமா கேட்டு வைப்போம், குறைச்சுக் குடுக்கட்டும்னு நம்ம ஊர் பேரம் இங்க எடுபடாது, ஏன்னா முதல் சுற்றுல வெறும் வகுத்தல் கணக்குதான்: நீங்க கேக்கற தொகைய, புதுசா கூடுற ஆட்களோட மொத்த சம்பளமும் முதலீடும் சேர்ந்த தொகையால வகுப்பாங்க. உதாரணத்துக்கு சம்பளம் 30 லட்சம், முதலீடு 10 லட்சம், கேக்கறது 2 லட்சம் டாலர்னா 0.05 வரும். 1,20,000 மட்டும் கேட்டா 0.03. கேக்கறத மாத்தாம சம்பளத்தை 40 லட்சமா ஏத்தினா 0.04. நம்பர் குறைய குறைய வரிசைல மேல போவீங்க. கிரெடிட் கிடைக்கலன்னா ப்ராஜெக்ட் வேற மாநிலத்துக்குப் போயிடலாம்னு உறுதி குடுக்கறவங்களும், வறுமையோ வேலையில்லாத் திண்டாட்டமோ அதிகமா இருக்கற ஏரியால முக்கால்வாசி வேலைய வைக்கறவங்களும் இந்த வரிசைல நிக்காம நேரா ரெண்டாம் சுற்றுக்குப் போகலாம். (வேற மாநிலம்னு சும்மா அடிச்சு விடாதீங்க, எழுத்துல குடுக்கற உறுதி அது.)

அப்ளிகேஷன் ஆன்லைன்லதான், கோ-பிஸ்னு சொல்ற கவர்னர் அலுவலகத்துப் பிரிவுக்கு. வருஷத்துக்கு 3 தடவை திறப்பாங்க. கட்டணம் கிடையாது.

ரெண்டாம் சுற்றுல சம்பளத்தோட தரம், ட்ரெயினிங், ஏரியா நிலைமை, வேற சலுகை வாங்குறீங்களான்னு எல்லாம் அலசி, பேசி, ஒப்பந்தம் எழுதுவாங்க. அப்புறம் 5 பேர் கமிட்டி பொதுக் கூட்டத்துல ஓட்டுப் போடணும்.

பாஸானதும் மொத்தமா வந்துடாது. அந்தந்த வருஷ இலக்கைத் தொட்டாதான் அந்த வருஷப் பங்கு, தொட்டதுக்கு அப்புறம் 3 வருஷம் அந்த ஆளையும் சம்பளத்தையும் விடாம வச்சிருக்கணும். இல்லன்னா குடுத்ததையே திரும்ப எடுத்துக்க வழி இருக்கு. கணக்கைப் பாக்கறது மாநில வருமான வரிய வசூலிக்கற ஃப்ரான்சைஸ் டேக்ஸ் போர்டு. அதனால பேரோல், டைம்ஷீட், மெஷின் பில் எல்லாத்தையும் முதல் நாள்லேர்ந்தே வருஷ வாரியா தனித்தனி ஃபோல்டர்ல போட்டு வைங்க.