ராங்லரில் ஸ்டீயரிங் டேம்பரை மேலே ஏற்றியது

என் 2012 ஜீப் ராங்லர் ஜேகே-யை இரண்டரை அங்குலம் உயர்த்திய பிறகும் ஸ்டீயரிங் டேம்பர் (ஸ்டீயரிங் உதறலை அடக்கும் எண்ணெய் ஷாக்) டை ராடை (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) ஒட்டித் தாழ்வாகவே கிடந்தது, பாறையில் முதல் அடி அதற்குத்தான், கடைசியில் நசுங்கி எண்ணெய் கசிய ஆரம்பித்துவிட்டது. டேம்பரை மேலே ஏற்றி மாட்டும் ரீலொகேஷன் பிராக்கெட் வாங்கினேன். அச்சில் இருக்கும் பழைய மவுண்டில் ஒன்று, டை ராடில் யூ-போல்ட் கிளாம்ப் போட்டு இன்னொன்று.

கிளாம்ப் நழுவாத அளவுக்கு இறுக்கிவிட்டு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள், இதுதான் முக்கியம்: திருப்பம் நிற்க வேண்டியது நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஸ்டாப்பில், டேம்பரின் தண்டு முழுசாக நீண்டு அது தடுக்கவே கூடாது. எனக்கு இடப்பக்கம் தடுத்தது, கிளாம்பை ஒரு விரல் அகலம் நகர்த்தியதும் சரியானது. அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் (பல்சக்கரப் பெட்டி) கவரில் உரசலும் இல்லை.

வேகத்தில் முன்சக்கரம் கடகடவென்று உதறினால் டேம்பரை மட்டும் நம்பாதீர்கள், டிராக் பார் (அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட்டையும் நக்கிளை அச்சோடு இணைக்கும் பால் ஜாயிண்டையும் முதலில் பாருங்கள்.