டீப்பாய்க்குப் பழைய தோற்றம் தர ஒரு மெழுகுவர்த்தி போதும்

பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகையில் டீப்பாய் செய்வதென்றால் முதலில் அதிலுள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்டி' (HT) என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். 'எம்பி' (MB) என்றால் மீதைல் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது. வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

உயரம் 40 முதல் 45 செ.மீ. இருக்கட்டும். 80 நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120-ல் நிறுத்துங்கள். ரொம்ப வழவழப்பாக்கினால் அந்தக் கரடுமுரடு அழகே போய்விடும்.

முதலில் அடர் பழுப்பு அக்ரிலிக் பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு விளிம்பு, மூலை, கால் என்று இயல்பாகத் தேயக்கூடிய இடங்களில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள். மேலே வெளிர் நிறம். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மெழுகு பட்ட இடம் மட்டும் உரிந்து, அடியிலுள்ள பழுப்பு எட்டிப்பார்க்கும். (முதல் தடவை நான் பலகை முழுக்கத் தேய்த்துவிட்டேன். பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி கையோடு வந்தது!)

மிச்ச மெழுகைச் சுரண்டித் துடைத்த பிறகே வார்னிஷ் அடியுங்கள். மெழுகின் மேல் அது பிடிக்காது. மேல்பலகைக்கு 2 கோட்டாவது வேண்டும், இல்லாவிட்டால் சூடான டம்ளர் வைத்த வட்டம் அப்படியே நிற்கும்.