காமிக்ஸை படமா எழுதப் போறீங்களா, இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

இந்த வேலைக்கு புதுசா வர்றவங்க கிட்ட இருந்து அடிக்கடி வர்ற டயலாக், "ஸ்டோரிபோர்டே (ஷாட் ஷாட்டா வரைஞ்ச படமே) கையில இருக்கே, இதுல எழுதுறதுக்கு என்ன இருக்கு". முக்கால்வாசி தப்பு இந்த நெனப்புல இருந்துதான் ஆரம்பிக்குது. காமிக்ஸ்ல படம் இருக்கு, வசனம் இருக்கு, ஆனா ஓடுற நேரம்னு ஒண்ணு இல்ல. ஒரு பேனலை, அதாவது ஒரு படக் கட்டத்தை, ரெண்டு செகண்டும் பாக்கலாம், ரெண்டு நிமிஷமும் பாக்கலாம், புரியலன்னா முன் பக்கத்துக்கு திரும்பலாம், தியேட்டர்ல உக்காந்திருக்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம் ரெண்டு பேனலுக்கு நடுவுல இருக்கிற வெள்ளை இடம், அதை கட்டர் (gutter)னு சொல்வாங்க. ஸ்காட் மெக்ளவுட்ங்கிற காமிக்ஸ் ஓவியர் 1993ல ஒரு புக்குல இதை சூப்பரா காட்டியிருப்பார்: ஒரு பேனல்ல கோடாலியை ஓங்குறான், அடுத்த பேனல்ல ஊருக்கு மேல ஒரு அலறல், நடுவுல வெட்டினது படிக்கிற நீங்கதான். ஸ்கிரிப்ட் எழுதுறவன் வேலை பேனல்ல இல்ல, அந்த நடு இடத்துலதான் இருக்கு.

ஒரு உதாரணம் பாப்போம். ஒரு பக்கத்துல ஆறு பேனல்னு வெச்சுக்குங்க. ஒருத்தன் படி ஏறுறான், மூடின கதவு, கைப்பிடி மேல கை, கண்ணு க்ளோசப், கதவு பாதி திறக்குது, கடைசில ஒரு காலி நாற்காலியும் பக்கத்துல பாதி குடிச்ச காபி கப்பும். மேல, கதை சொல்றவன் பேசுற ஒரு சின்ன கட்டத்துல "நான் லேட்டா வந்துட்டேன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுது"ன்னு ஒரு வரி. புதுசா எழுதுறவர் இதை அப்படியே ஆறு ஷாட்டா எழுதி அந்த வரியை வாய்ஸ் ஓவர்ல போட்டுடுவார். படிச்சா செத்த மாதிரி இருக்கும். நானா இருந்தா, அவன் ரெண்டு ரெண்டு படியா ஏறி வர்றான், கதவு முன்னாடி நின்னு காலரை சரி பண்றான், தட்ட கை தூக்கினா கதவு ஏற்கனவே திறந்திருக்கு, உள்ள போய் கப்பை தொட்டுப் பாக்குறான், ஆறிப்போயிருக்கு. அவ்ளோதான். காலரும் சரி, கப்பை தொடுறதும் சரி, காமிக்ஸ்ல கிடையாது, ஆனா அந்த கட்டத்துல இருந்த வரி இனிமே தேவையே இல்ல.

வசனத்துலயும் இதே கதைதான். பலூன்ல (பேசுறவன் தலைக்கு மேல வர்ற வசன வட்டத்துல) இருக்கிறது கண்ணால படிக்க எழுதினது, வாயால பேச எழுதினது இல்ல. ஒரு தடவை சத்தமா படிச்சுப் பாருங்க, நாக்கு எங்க தடுக்குதோ அங்க வெட்டுங்க.

அடுத்தது விசுவாசம். ஃபேன்ஸ் திட்டுவாங்கன்னு பயந்து எதையும் தொடாம எழுதுறது. வாட்ச்மென்ங்கிற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் 1986-87ல 12 இதழா வந்துச்சு, 2009ல படமாகும்போது முடிவுல வந்து ஊரை அழிக்கிற அந்த ராட்சச கணவாய் மீனை தூக்கிட்டு அந்த அழிவுப் பழியை டாக்டர் மன்ஹாட்டன்ங்கிற கேரக்டர் தலையில போட்டாங்க. இன்னிக்கும் அதுக்கு சண்டை நடக்குது. என்னைக் கேட்டா அது சரியான முடிவு, ஏன்னா அந்தக் கணவாய் திடீர்னு வர்றது இல்ல, அதுக்கான விதையை காமிக்ஸ்ல அங்கங்க தூவி வெச்சிருப்பாங்க, நேரம் பத்தலன்னு அந்த கிளைக்கதையை எல்லாம் வெட்டிட்டு முடிவை மட்டும் வெச்சா பாக்கிறவன் இது எங்கருந்து வந்துச்சுன்னுதான் கேப்பான். வேரை வெட்டினா காயையும் விட்டுத்தான் ஆகணும் (படத்துல மத்த குறை ஆயிரம் இருக்கு, அது வேற பஞ்சாயத்து). வுல்வரின் படமான லோகனை எழுதினவங்க இன்னும் தைரியசாலிங்க, ஓல்ட் மேன் லோகன் காமிக்ஸ்ல இருந்து வயசான, ஓஞ்சுபோன ஒரு ஆளையும் ஒரு நீண்ட கார் பயணத்தையும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை பெரும்பாலும் விட்டுட்டாங்க. சூப்பர்ஹீரோ காமிக்ஸ்ல இருந்து வந்த படம் ஒண்ணு தழுவல் திரைக்கதைக்கு ஆஸ்கர் நாமினேஷன் வாங்கினது அதான் முதல் தடவை.

காமிக்ஸ்னாலே கேப் போட்ட ஹீரோதான்னு நெனக்கிறதும் தப்பு. எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ், ரோட் டு பெர்டிஷன், ஓல்ட்பாய் எல்லாம் காமிக்ஸ்ல இருந்து வந்த படங்கதான், பாத்த பாதி பேருக்கு தெரியாது.

இப்ப காசு சமாச்சாரம். மார்வெல், டிசி கேரக்டரை வெச்சு நீங்களா ஒரு ஸ்கிரிப்ட் எழுதினா அதை யாருக்கும் விக்க முடியாது, கேரக்டர் கம்பெனியோடது. கேக்காம அனுப்பினா கேஸ் வந்துடும்னு ஸ்டுடியோக்காரங்க பிரிச்சுக்கூட பாக்க மாட்டாங்க. சின்ன காமிக்ஸ் எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம், ஆனா அங்கயும் நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு காமிக்ஸோட ரைட்டர் போன்லயே "எழுதுங்க"ன்னார், நானும் எட்டு மாசம் உக்காந்து எழுதினேன், கடைசில பாத்தா ரைட்ஸ்ல பாதி ஓவியர் பேர்ல இருக்கு, அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. அந்த ஸ்கிரிப்ட் இன்னும் என் கிட்டதான் தூங்குது. அதனால முதல் பக்கம் எழுதுறதுக்கு முன்னாடி உரிமை யார் யார் கிட்ட இருக்குன்னு பேப்பர்ல பாத்துட்டு, எல்லார் கையெழுத்தோடயும் ஆப்ஷன் அக்ரிமென்ட் (குறிப்பிட்ட காலத்துக்கு படமாக்குற உரிமையை உங்களுக்கு ஒதுக்கி வெக்கிற ஒப்பந்தம்) போடுங்க. அதுல கெடு தேதி இருக்கும், அதுக்குள்ள படம் நகரலன்னா உரிமை திரும்பிப் போயிடும், காலண்டர்ல குறிச்சு வெச்சுக்குங்க.

பெரிய கம்பெனி ஒரே காமிக்ஸுக்கு நாலஞ்சு ரைட்டரை கூப்பிட்டு ஐடியா கேக்கும். வாயால சொல்லிட்டு வாங்க, ஆர்வத்துல எழுதின பக்கத்தை டேபிள்ல வெச்சுட்டு வராதீங்க, அது ஓசி வேலை. அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ரைட்டர்ஸ் கில்டே மெம்பர்ஸ் கிட்ட இதைத்தான் சொல்லுது.

கிரெடிட் விஷயத்துல, அதாவது திரையில பேர் வர்ற விஷயத்துல, பழைய டிராஃப்டை அழிக்கிறவங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும். கில்ட் விதிப்படி தழுவல் ஸ்கிரிப்ட்ல உங்க பங்கு 33 சதவீதத்துக்கு மேல இருந்தா திரைக்கதை கிரெடிட் கிடைக்கும், ஒரிஜினல் ஸ்கிரிப்ட்ல பின்னாடி வந்து சேர்றவருக்கு 50 வேணும். தகராறு வந்தா மூணு ரைட்டருங்க, யார் எழுதினதுன்னு பேர் தெரியாம, டிராஃப்டுகளை படிச்சு முடிவு பண்ணுவாங்க. உங்க டிராஃப்ட் தேதியோட இல்லன்னா அவங்க எதைப் படிப்பாங்க? ரெசிடுவல் காசும் (படம் திரும்பத் திரும்ப ஓடும்போது எழுதினவருக்கு வர்ற பங்கு) கிரெடிட்டை பாத்துத்தான் வரும்.

கடைசியா, காமிக்ஸ் பண்ணவங்க கிட்ட பேசாம எழுதுறது. சிலர் படமே வேணாம்னு ஒதுங்கிடுவாங்க, வி ஃபார் வென்டெட்டா காமிக்ஸை எழுதின ஆலன் மூர் அந்தப் படத்துல தன் பேரே வரக்கூடாதுன்னுட்டார், அதை மதிக்கணும். ஆனா பேச ரெடியா இருக்கிறவங்க கிட்ட, குறிப்பா ஓவியர் கிட்ட, "எந்தப் பக்கத்தை அதிக தடவை அழிச்சு வரைஞ்சீங்க"ன்னு கேளுங்க. அவர் கை காட்டுற பக்கத்துலதான் உங்க ஸ்கிரிப்டும் மாட்டிக்கிட்டு நிக்கும், அங்க என்னென்ன ட்ரை பண்ணி விட்டார்னு கேட்டுட்டு வந்தா உங்களுக்கு ரெண்டு வாரம் மிச்சம்.