வில்லிஸ் ஜீப்பைப் புதுப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளை வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்களை அண்மைக் காலமாகக் கோவைப் பட்டறைகளில் அதிகம் பார்க்கிறேன். வில்லிஸ் நிறுவனம் எம்.பி. என்றும் ஃபோர்டு நிறுவனம் ஜி.பி.டபிள்யூ. என்றும் பெயரிட்டு, 1945 வரை இரண்டுமாக ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்த வண்டி இது. இளைஞர்களின் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் எங்கள் தலைமுறை பணத்தையும் வண்டிகளையும் இழந்து கற்ற அதே பிழைகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஆயில் மாற்றுவது, பிரேக் ரப்பர் மாற்றுவது போன்றவற்றை எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

டீசல் இன்ஜினை ஏற்றுவது

என்னை இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அழகாக பெயின்ட் அடித்த எம்.பி. ஜீப் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். பானட்டைத் திறந்தால் உள்ளே டீசல் இன்ஜின் இருந்தது. பழைய இன்ஜின் எங்கே என்று கேட்டேன். “அதெல்லாம் அப்பவே எடைக்குப் போட்டாச்சுங்கண்ணா” என்றார். ஆர்.சி. புக்கில் பதிவாகியிருந்த இன்ஜின் எண்ணும் அந்த இரும்போடு போய்விட்டது என்பதை நான் சொன்ன பிறகுதான் அவர் உணர்ந்தார்.

அந்தப் பெட்ரோல் இன்ஜின் 2199 சி.சி. கொள்ளளவும் 60 குதிரைத்திறனும் கொண்டது. வால்வுகள் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் இல்லாமல், சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலேயே அமைந்திருப்பதால், புகை வந்தாலோ இழுவை குறைந்தாலோ பழக்கமில்லாத மெக்கானிக்குகள் இன்ஜின் முடிந்தது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது முடிந்திருப்பதில்லை. முதலில் நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷனை, அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தை, அளந்து பார்க்க வேண்டும். ஹெட்டைக் கழற்றி, வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான மெல்லிய சுவரில் விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். விரிசல் இருந்தாலும், வார்ப்பிரும்பைச் சூடேற்றாமல் தைத்து அடைப்பவர்களும் சிலிண்டருக்குள் ஸ்லீவ் எனும் புதிய குழாயை இறக்கும் லேத் பட்டறைகளும் உண்டு. மஹிந்திரா ஜீப்புகளில் பின்னாளில் வந்த ஹரிக்கேன் இன்ஜினும் இதே அளவு சிலிண்டர் விட்டமும் (போர்) பிஸ்டன் ஓடும் தூரமும் (ஸ்ட்ரோக்) உடையதாகையால், அதன் அடிப்பாக உதிரிகள் பல இதற்குக் கைகொடுக்கின்றன. இவ்வளவு வழிகள் இருக்கும்போது இன்ஜினை எடைக்குப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

டீசலை ஏற்றியவுடன் செலவு தொடங்குகிறது என்பதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. மூன்று கியர் கொண்ட டி-84 கியர் பாக்ஸ் இயல்பிலேயே வலிமை குறைந்தது. டீசலின் அதிர்வையும் முறுக்கையும் அது நெடுநாள் தாங்காது. எனவே கியர் பாக்ஸை மாற்றுகிறார்கள், அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி ஒட்டுகிறார்கள், கூடுதல் எடையில் முன்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் படிந்துபோவதால் அவற்றையும் மாற்றுகிறார்கள். புதிய மவுன்ட்டுகளை வெல்டிங் செய்த இடத்தில் அடிச்சட்டமான சேஸிஸ் விரிசல் விடுகிறது. நான்கு சக்கரங்களிலும் 9 அங்குல பிரேக் டிரம்கள் மட்டுமே உள்ள வண்டியில் எடையையும் வேகத்தையும் கூட்டுவது ஆபத்தானது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

சட்டமும் துணை நிற்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூலக் குறிப்புகளிலிருந்து விலகும் மாற்றங்களைத் தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த வாகனங்களுக்காக 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகள், சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கே உரியவை. மைலேஜுக்காக மாற்றினேன் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டியில், மிச்சப்படுத்தும் எரிபொருள் எந்தக் காலத்தில் இந்தச் செலவை ஈடுகட்டும்?

தரைத்தகட்டைப் பட்டி போட்டு மறைப்பது

எம்.பி.யின் தரைக்கு அடியில், தொப்பி வடிவில் மடித்த இரும்புச் சட்டங்களுக்குள் மரக்கட்டைகளை வைத்துப் பூட்டியிருந்தார்கள். அந்த மரம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதால் இரும்பு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. மேலே பட்டி எனும் நிரப்புப் பசை பூசிய தகடு வழவழப்பாகத் தெரியும். வண்டிக்கடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரின் முனையால் குத்தினால், துருவோடு கலந்த கருப்பு மரத்தூள் முகத்தில் கொட்டும். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் டேங்க் உட்காரும் குழியும் இப்படியே இற்றுப்போகும். டிங்கரிங் எனும் தகட்டு வேலை முழுவதும் முடியும்வரை பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். புதிய கட்டையை வைப்பதானால் நான்கு பக்கமும் பிரைமர் பூசி, நீர் வடிய வழிவிட்டு வையுங்கள்.

ஆர்.சி. புக் இல்லாத வண்டி

வாங்காதீர்கள்.

ஆலிவ் பச்சை

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி அந்த நிறம் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டுமே உரியது. பூசாதீர்கள்.

மெல்லிய கேபிள்கள்

எம்.பி. 6 வோல்ட் வண்டி. அதே திறனுக்கு 12 வோல்ட் வண்டியைவிட இரு மடங்கு மின்னோட்டம் தேவைப்படுவதால், கார்க் கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரி கேபிளைப் பூட்டினால் ஸ்டார்ட்டர் முனகும். உடனே பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிவிடாமல், தடித்த கேபிளைப் போட்டு, எர்த் பூட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெற்று இரும்போடு இறுக்குங்கள்.

தார்ச்சாலையில் ஃபோர் வீல் போடுவது

ஃபோர் வீல் போட்டால் இன்ஜின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும். ஆனால் இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, வேக வேறுபாட்டை ஏற்கும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கும். சறுக்க இடந்தராத தார்ச்சாலையில் அந்த வேறுபாடு முழுவதும் ஷாஃப்ட்டுகளிலும் கியர்களிலும் முறுக்காகத் தேங்கும். அப்போது ஃபோர் வீல் லீவர் வெளியே வர மறுக்கும். சுத்தியலால் தட்டாமல், ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சிறிது தூரம் ரிவர்ஸில் ஓட்டுங்கள். முறுக்குத் தளர்ந்து லீவர் தானே விடுபடும். முன்னும் பின்னும் வெவ்வேறு உயரமுள்ள டயர்களைப் போட்டிருந்தால் நேர்ச்சாலையிலும் இதே முறுக்கு ஏறும் என்பதால், 6.00-16 டயர்களை நான்காகவே வாங்குங்கள்.