பழைய ஜாக்பாட் மெஷின்: கை அரிக்கும்போது செய்கிற தவறுகள்

சிங்கப்பூர்த் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் கைபேசியை நீட்டினார். "அண்ணே, அசல் லிபர்ட்டி பெல். நாலாயிரம் வெள்ளிதான் கேட்கிறான். இன்னிக்கே பணம் போட்டுடலாமா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முகப்புத் தகட்டைச் சுற்றி இருந்த எல்லாமே ஸ்டார் ஸ்குரூ. அந்த வகை ஸ்குரூ புழக்கத்துக்கு வந்ததே 1930களின் நடுவில்தான். லிபர்ட்டி பெல்லோ, காசு போட்டுக் கைப்பிடியை இழுத்து ஆடும் பழைய ஜாக்பாட் மெஷின்; சான் பிரான்சிஸ்கோவில் சார்ல்ஸ் ஃபே என்பவர் 1890களில் உருவாக்கியது. 1906 பூகம்பத்தைத் தொடர்ந்து வந்த தீயில் அவருடைய பட்டறையே போய்விட்டது. தப்பிய அசல் மெஷின்கள் மிகச் சில. நாலாயிரம் வெள்ளிக்கு அது கிடைக்கிறது என்றால், கிடைப்பது நகல். ஒரு ஸ்குரூ மாறியிருந்தால் யாரோ பழுது பார்த்திருக்கலாம். எல்லாமே மாறியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான்.

முகப்பைப் பார்த்து மயங்குவதுதான் முதல் தவறு. பழைய இயந்திரத்துக்குப் புதிதாக வார்த்த முகப்பை மாட்டி விற்பது இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம். பல மெஷின்களில் பெட்டியிலும் உள்ளே இருக்கும் இயந்திரத்திலும் வரிசை எண் பொறித்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. பின்கதவைத் திறந்து அந்த எண்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். நண்பர் கேட்டார். விற்கிறவர் அதற்குப் பிறகு பேசவே இல்லை.

பழசு எல்லாம் அரிது என்று நினைப்பதும் தவறு. சிகாகோவின் மில்ஸ் நிறுவனம் இவற்றை ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. 1940களின் 'ஹை டாப்' வகை இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. 1935இல் வந்த வாட்லிங் 'ரோல் எ டாப்' போன்றவற்றுக்குத்தான் போட்டி அதிகம். ஜப்பானிலிருந்து மலிவாக வருகிற பாச்சிஸ்லோ என்கிற இந்தக் காலத்து ஜாக்பாட் மெஷினைப் பழம்பொருள் என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். இங்கே விலை உயர்ந்த தவறு இதுதான். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் எழுதுவதைப் படித்துவிட்டு, 'இத்தனை வருஷம் பழசு என்றால் பிரச்சினை இல்லை' என்று நம்பிவிடுகிறோம். அது அவர்கள் சட்டம். கலிபோர்னியாவில் 25 ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருந்து, சூதாடப் பயன்படுத்தாவிட்டால் வைத்துக்கொள்ளலாம். வேறு மாநிலத்தில் வேறு கணக்கு. சிங்கப்பூரில் 2022 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் இருப்பது சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம். 'வரவேற்பறையில் அழகுக்குத்தானே வைக்கிறேன்' என்கிற சமாதானத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். எந்த மெஷின், எந்த ஆண்டு, ஓடுமா ஓடாதா என்று எல்லாவற்றையும் எழுதி, படத்தோடு ஜிஆர்ஏ என்கிற சூதாட்ட ஒழுங்குமுறை ஆணையத்திடம் கேளுங்கள். சுங்கத்துறையிடமும் கேளுங்கள். பதில் எழுத்தில் கைக்கு வந்த பிறகு மற்றதெல்லாம். அனுமதி கிடைத்தாலும், விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு.

இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் என்னுடைய ஒரே மெஷின், 1931இன் மில்ஸ் 'வார் ஈகிள்', கலிபோர்னியாவில் மச்சான் வீட்டு கராஜில் இருக்கிறது. நான் செய்த பெரிய தவறும் அங்கேதான். முதல் முறை பார்த்தபோது அழுக்காக இருந்தது. கை சும்மா இருக்கவில்லை. இரும்பு நாரும் பாலிஷும் எடுத்து ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன். அலுமினியம் பளபளத்தது. கழுகின் இறக்கைப் பள்ளங்களில் ஒட்டியிருந்த தொழிற்சாலைச் சாயம் கந்தலோடு போய்விட்டது. பார்க்க வந்த ஒரு பெரியவர் எதுவும் சொல்லாமல் உதட்டைப் பிதுக்கினார். அந்தச் சாயத்துக்குத்தான் விலையே. உலர்ந்த மென்துணி, மெல்லிய தூரிகை, அதற்கு மேல் வேண்டாம்.

எண்ணெயும் அப்படியே. கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழல்கின்றன. உள்ளே பல்சக்கரங்களும் சின்ன விசிறியும் கொண்ட, கடிகாரம் போன்ற ஓர் அமைப்பு 'கிர்ர்' என்று ஓடி, உருளைகளை இடமிருந்து வலமாக ஒன்றொன்றாக நிறுத்துகிறது. கண்ட எண்ணெயை அடித்தால் அது தூசியோடு சேர்ந்து பசையாகி, விசிறி திணறும். உருளைகள் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகும். பழைய பசையைத் துடைத்துவிட்டு, அச்சு முனைகளில் மட்டும் ஊசி நுனியளவு கடிகார எண்ணெய் போதும். கைப்பிடி இறுகியிருந்தால் பலம் காட்டாதீர்கள். உள்ளே ஏதோ ஒரு கொக்கி உடைவதோடு முடியும்.

அப்புறம் காசு. ஐந்து சென்ட் அமெரிக்க நாணயத்தின் அகலம் 21.21 மில்லிமீட்டர். நம் புதிய 20 காசு ஏறக்குறைய அதே அகலம், ஆகவே துவாரத்தில் அழகாக நுழைந்துவிடும். தடிமன்தான் வேறு. ஜெயித்தவருக்குக் கொடுக்கும் காசுகள் ஒரு குழாயில் அடுக்காக நிற்கும். அடியில் இருக்கும் தகடுகள் நாணயத்தின் தடிமனுக்கு அளந்து செய்தவை. தடிமன் தப்பினால் தகடு பாதியில் மாட்டிக்கொள்ளும். மச்சான் மகன் விளையாட்டாய் நம் காசு மூன்றைப் போட்டான்; எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது.

கப்பலில் அனுப்புகிறவர்கள் இயந்திரத்தைப் பெட்டியிலிருந்து கழற்றித் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். உள்ளே விளக்கு இருக்கும் மாடல் என்றால், அது அமெரிக்காவின் 110 வோல்ட் பகுதிக்குச் செய்தது. நம் 230இல் நேராகச் செருகினால் புகைதான்.

சிங்கப்பூரில் என் வீவக அடுக்குமாடி வீட்டில் நான் வைத்திருப்பது காகிதம் மட்டும்: உருளைகளைச் சுற்றி ஒட்டியிருந்த படப்பட்டைகள், எந்தப் படத்துக்கு எவ்வளவு பரிசு என்று காட்டும் அட்டைகள். பட்டைகளில் இருக்கும் செர்ரி, பிளம், ஆரஞ்சு எல்லாம் ஒரு காலத்தில் சூயிங்கம் சுவைகள். சூதாட்டத் தடையைச் சமாளிக்க, காசுக்குச் சூயிங்கம் தருகிற மெஷின் என்று பெயர் பண்ணினார்கள். 1992 முதல் சூயிங்கமும் கெடுபிடியான ஊரில் உட்கார்ந்து அந்தப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். மங்கிய பட்டையைக் கிழித்துவிட்டுப் பளிச்சென்ற நகலை ஒட்டுகிறவர்கள் நிறைய. ஒட்டத்தான் வேண்டும் என்றால், பழையதை ஈரம் காட்டி மெல்ல உரித்து எடுத்து வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும். என்னுடையவை கேமரா வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியில், மனைவியின் பட்டுப்புடவை அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அந்தப் பெட்டி வாங்கிய நாளிலிருந்து புடவைகளுக்கும் அதில் இடம் கேட்கிறாள்.